ஈசியு வைத்த கார் என்ஜின்: வீட்டில் பராமரிப்பதும் பழுது கண்டுபிடிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லாமே கம்ப்யூட்டர் ஆகிவிட்டது. இனி நாம் கைவைக்க என்ன இருக்கிறது?

பயப்படும் அளவுக்கு ஒன்றும் மாறவில்லை. 1979-ல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் வந்தது. எரிபொருள் தெளிப்பதும் பிளக்கில் பொறி விடுவதும் அதில்தான் ஒரே பெட்டியின் கைக்குப் போயின. அந்தப் பெட்டிதான் ஈசியு, என்ஜினை ஆளும் கம்ப்யூட்டர். இன்றைய ஈசியு அதோடு த்ராட்டில் எவ்வளவு திறக்க வேண்டும், வால்வு எப்போது திறந்து மூட வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறது. அவ்வளவுதான். காற்று, பெட்ரோல், பொறி, கம்ப்ரஷன் நான்கும் சரியாக இருந்தால் என்ஜின் ஓடும் என்ற பழைய கணக்கு அப்படியே இருக்கிறது.

ஒரு விதத்தில் வேலை எளிதாகிவிட்டது. கார்புரேட்டர் வண்டி எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. இது சொல்கிறது, பழுது வந்த நேரத்தில் என்ஜின் சூடும் வேகமும் எவ்வளவு இருந்தன என்பதையும் குறித்து வைக்கிறது. ஈசியுவே கெட்டுப்போவது அபூர்வம். யாராவது முதல் பார்வையிலேயே "ஈசியு போச்சு" என்றால், அதற்கு வரும் கரண்ட்டையும் எர்த்தையும் அளந்து பார்த்தாரா என்று கேளுங்கள்.

என்னென்ன கருவிகள் அவசியம்?

லைவ் டேட்டா, அதாவது சென்சார் எண்களை ஓடும்போதே காட்டும் ஸ்கேனர், டிஜிட்டல் மல்டிமீட்டர், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்), நல்ல சாக்கெட் செட், உங்கள் கார் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல். ஸ்கேனர் தனிக் கருவியாகவும் இருக்கலாம், போனோடு ப்ளூடூத்தில் பேசும் இஎல்எம் 327 வகை அடாப்டராகவும் இருக்கலாம். அடாப்டரில் மலிவான நகல்கள் ஏராளம். சில கார்களோடு அவை பேசவே பேசாது, பேசினாலும் திணறும்.

பழுது கண்டால் ஈசியு பதிந்து வைக்கும் குறியீட்டுக்குக் கோடு (code) என்று பெயர். அந்தக் கோடை மட்டும் படித்து அழிக்கிற கருவி போதாது. லைவ் டேட்டா இல்லாவிட்டால் கீழே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் செய்ய முடியாது.

பழைய பல்பு வைத்த டெஸ்ட் லேம்பை ஈசியு, சென்சார் வயர்கள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அந்தப் பல்பு இழுக்கும் கரண்ட்டை உள்ளே இருக்கும் நுண்ணிய சர்க்யூட் தாங்காமல் போகலாம். ஃப்யூஸ் பாக்ஸுக்கு அது பரவாயில்லை, சென்சாருக்கு மல்டிமீட்டர்தான்.

ஸ்கேனரை எங்கே மாட்டுவது? மாட்டினாலும் உயிர் வரவில்லையே?

டிரைவர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே, 16 முனை கொண்ட சாக்கெட். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 (காரே பழுதைப் பதிந்து சொல்லும் பொது முறை) கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லிருந்து அதே முறை வந்தது. சாவியை ஆன் நிலையில் வைத்துவிட்டு இணையுங்கள், என்ஜின் ஓட வேண்டியதில்லை.

ஸ்கேனரில் விளக்கே வரவில்லை என்றால் சிகரெட் லைட்டர் ஃப்யூஸைப் பாருங்கள். பல கார்களில் இரண்டுக்கும் ஒரே ஃப்யூஸ்தான், போன் சார்ஜரில் ஏதோ ஷார்ட் ஆகி அது போயிருக்கும். 16-ஆவது முனையில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கும். அதனால் அடாப்டரை நாள்கணக்கில் மாட்டியே வைத்தால் பேட்டரி இறங்கலாம்.

கோடு வந்துவிட்டது. அதில் சொன்ன பாகத்தை மாற்றினால் போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

ஈசியுவுக்கு என்ஜினைக் கண்ணால் பார்க்கத் தெரியாது. வயரில் வரும் வோல்டேஜ்தான் அதன் உலகம். எதிர்பார்த்த எண் வரவில்லை என்றால் அந்த வரம்பு மீறலுக்கு ஒரு கோடு போடும். கோடு சொல்வது "இந்த இடத்தில் கணக்கு இடிக்கிறது" என்பது மட்டுமே. எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று அது சொல்வதில்லை.

பி0171 என்பது முதல் பேங்க்கில் (சிலிண்டர் வரிசையில்) கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இதைக் கண்டதும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி எறிவார்கள். உண்மையில் அந்தச் சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் கோடே வந்தது. வெடித்த வேக்கம் ஹோஸ், அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார், அழுத்தம் குறைந்த பெட்ரோல் பம்ப், சென்சாருக்கு முன்னால் ஓட்டையான எக்ஸாஸ்ட் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். என் கணிப்பில், குற்றமே செய்யாமல் அதிகம் தண்டனை வாங்கும் பாகம் ஆக்சிஜன் சென்சார்தான். இரண்டாவது இடம் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு. அதன் திறன் குறைந்ததாகச் சொல்லும் பி0420 வந்தால் அது நிஜமாகவே தேய்ந்திருக்கலாம், ஆனால் எக்ஸாஸ்ட் கசிவு இருந்தாலும் அதே கோடு வரும். கன்வர்ட்டர் கெட்டதே உண்மை என்றாலும் நெடுநாள் மிஸ்ஃபயரோ (சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாதது) ஆயில் எரிவதோதான் அதைக் கெடுத்திருக்கும். மூல காரணத்தை விட்டுவிட்டுப் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

கோடின் அமைப்பைப் புரிந்துகொள்வது எளிது. முதல் எழுத்து பி (P) என்றால் என்ஜின், கியர் பக்கம். சி என்றால் பிரேக், ஸ்டியரிங். பி0, பி2 தொடங்குபவை பெரும்பாலும் எல்லா நிறுவனங்களுக்கும் பொது, பி1 அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கோடு. பி1 வந்தால் பொதுப் பட்டியலில் தேடாமல் உங்கள் மாடலின் மேனுவலைப் பாருங்கள்.

சென்சாரா, வயரா என்று பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. கூலன்ட் சென்சாரை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு வயர், சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும்: 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். ஸ்கேனரில் என்ஜின் சூடு −40 டிகிரி என்று காட்டினால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது என்று அர்த்தம். கனெக்டரைக் கழற்றுங்கள், −40 காட்ட வேண்டும். அதன் இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள், 130 டிகிரிக்கு மேல் எகிற வேண்டும். இரண்டும் நடந்தால் ஈசியுவும் வயரும் நன்றாக இருக்கின்றன, சென்சாரை மாற்றலாம். எகிறவில்லை என்றால் சென்சார் நிரபராதி, வயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். இரண்டு வயர் கொண்ட சூடு சென்சார்களுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. மூன்று வயர் சென்சாரில் இப்படி இணைத்தால் 5 வோல்ட் சப்ளையையே ஷார்ட் செய்துவிடுவீர்கள்.

செக் என்ஜின் லைட் எரிகிறது. வண்டியை ஓட்டலாமா?

விட்டுவிட்டுச் சிமிட்டினால் ஓட்டாதீர்கள். மிஸ்ஃபயர் கடுமையாகி, எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும் நிலை அது. காலை எடுத்து, ஓரம் கட்டுங்கள்.

சிமிட்டாமல் எரிந்தால், வண்டி இயல்பாக ஓடினால், வீடு போய்ச் சேர்ந்து நிதானமாகப் பார்க்கலாம். முதலில் பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கிப் பாருங்கள். ஆவி கசிவுக் கோடுகளான பி0455, பி0457 பல நேரம் அந்த மூடியோடு முடிந்துவிடும்.

சிவப்பு நிற ஆயில் விளக்கும், சூடு விளக்கும் வேறு கதை. அங்கே உடனே என்ஜினை அணைக்க வேண்டும்.

கோடை அழித்துவிட்டுப் பார்த்தால் என்ன?

பார்க்கலாம், ஆனால் அழிக்கும் முன் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கோடு விழுந்த நொடியில் இருந்த வேகம், சூடு, லோடு ஆகியவற்றை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பெயரில் ஈசியு சேமித்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். துப்பறிகிறவர் தடயத்தைத் துடைத்துவிட்டு விசாரணை தொடங்குவதுபோல் ஆகிவிடும்.

அதோடு ஈசியு தன்னைத் தானே சோதிக்கும் ரெடினஸ் மானிட்டர்களும் பூஜ்யத்துக்குப் போகும். அவை மறுபடி நிறைவடையப் பலவிதமான ஓட்டம் தேவை: குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட், ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நின்று ஓடுவது), சீரான வேகம், கால் எடுத்து மெதுவாவது. புகைச் சோதனைக்குப் போகும் முந்தின நாள் கோடை அழிப்பது அதனால்தான் பலிப்பதில்லை. பழுது உண்மையிலேயே சரியாகியிருந்தால் தொடர்ந்து மூன்று நல்ல ஓட்டச் சுழற்சிகளுக்குப் பிறகு விளக்கு தானாக அணையும், சுமார் 40 வார்ம்-அப் சுழற்சிகளில் கோடும் நினைவிலிருந்து போய்விடும்.

ஃப்யூல் ட்ரிம் என்று ஸ்கேனரில் வருகிறதே, அது எதற்கு?

வீட்டு மெக்கானிக்குக் கிடைத்த மிகப் பெரிய வரம் அதுதான். பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பெட்ரோல் சுத்தமாக எரிய 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல், எடைக் கணக்கில். ஈசியு தன் அட்டவணைப்படி பெட்ரோல் தெளிக்கும், ஆக்சிஜன் சென்சார் விளைவைச் சொல்லும், அதற்கேற்பக் கூட்டும் அல்லது குறைக்கும். அந்தக் கூட்டல் கழித்தலின் சதவீதமே ஃப்யூல் ட்ரிம். நொடிக்கு நொடி மாறுவது ஷார்ட் டெர்ம், பழகிப்போன திருத்தம் லாங் டெர்ம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மொத்தம் ±10-க்குள் இருந்தால் கவலை வேண்டாம். அதைத் தாண்டித் தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால், விளக்கு எரியாவிட்டாலும் ஏதோ தொடங்கிவிட்டது. பல கார்களில் +25-ஐ நெருங்கிய பிறகே கோடு விழும், அதற்குள் மாதக்கணக்கில் மைலேஜ் போயிருக்கும்.

என்ஜின் சூடான பிறகு இரண்டு இடங்களில் படியுங்கள்: ஐடிலில் ஒருமுறை, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு ஒருமுறை.

ஐடிலில் +20, வேகம் ஏற்றினால் +4 என்று இறங்கினால் வேக்கம் லீக். ஓட்டை வழியே நுழையும் காற்றின் அளவு ஏறக்குறைய மாறாது. ஐடிலில் மொத்தக் காற்றே குறைவு என்பதால் அது பெரிய பங்கு, வேகத்தில் மொத்தக் காற்று கூடும்போது அது சின்னப் பங்கு. இன்டேக் ஹோஸின் மடிப்புகள், பிரேக் பூஸ்டர் குழாய், என்ஜினின் உள்வாயுவை இன்டேக்குக்கு விடும் பிசிவி வால்வு, இன்டேக் கேஸ்கெட் என்று தேடுங்கள். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை இணைப்புகளின் அருகே நகர்த்தினால் "உஸ்" சத்தம் காட்டிக்கொடுக்கும். சூடான என்ஜின்மேல் கார்ப் கிளீனரைத் தெளித்துத் தேடும் பழக்கம் இருக்கிறது, தீப்பிடிக்கும் வேலை அது.

ஐடிலில் சரி, வேகத்திலும் லோடிலும் ஏறுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை: ஃபில்டர் அடைப்பு, பம்ப் பலவீனம். ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்கானாலும் இதே நடத்தை.

எல்லா இடத்திலும் மைனஸில் இருந்தால் வேண்டாத பெட்ரோல் எங்கிருந்தோ வருகிறது. ஒழுகும் இன்ஜெக்டர், டேங்க் ஆவியை இன்டேக்குக்கு விடும், மூடாமல் நின்றுவிட்ட பர்ஜ் வால்வு, அல்லது பெட்ரோல் கலந்த என்ஜின் ஆயிலின் ஆவி.

ஒரு எச்சரிக்கை. ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாமல், மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் என்ஜின்களில் வேக்கம் லீக் ட்ரிம்மில் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. நுழைந்த காற்றும் அழுத்தமாகக் கணக்கில் வந்துவிடும். அங்கே ஐடில் ஆர்பிஎம் உயர்ந்து நிற்பதுதான் அடையாளம்.

மிஸ்ஸிங் அடிக்கிறது. பி0302 என்று வருகிறது. காயிலா, பிளக்கா?

கடைசி எண்தான் சிலிண்டர். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர், பி0300 என்றால் எது என்று ஈசியுவுக்கே பிடிபடவில்லை.

பொறிக்கான வோல்டேஜை உண்டாக்கும் காயில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனியாக இருக்கும் என்ஜினில் செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. என்ஜினை அணைத்து, இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றுக்கும் மூன்றின் காயிலை இரண்டுக்கும் மாற்றி மாட்டுங்கள். கோடை அழித்து ஓட்டுங்கள். பி0303 வந்தால் பழுது காயிலோடு நகர்ந்துவிட்டது, காயில்தான். பி0302 அப்படியே இருந்தால் அடுத்து பிளக்கை இதேபோல் இடம் மாற்றுங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், வயர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே வண்டி ஓடத் தொடங்கிவிடும்.

காயிலை எடுக்கும்போது பிளக் குழியை எட்டிப் பாருங்கள். ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் கேஸ்கெட் கசிகிறது. தண்ணீர் நின்றால் யாரோ என்ஜினைப் பீய்ச்சிக் கழுவியிருக்கிறார்கள். காயிலின் ரப்பரில் மெல்லிய வெள்ளைக் கீற்றோ கருப்புக் கீற்றோ தெரிந்தால் பொறி அந்த வழியே கசிந்திருக்கிறது.

ஓடும் என்ஜினில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய காலத்து வழி. இப்போது செய்யாதீர்கள். பல்லாயிரம் வோல்ட் போக வழியில்லாமல் காயிலையோ ஈசியுவின் டிரைவரையோ உங்களையோ தேடி வரும். ஒரு சிலிண்டரை நிறுத்திப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுங்கள். பெட்ரோலும் போகாது, கன்வர்ட்டரும் பிழைக்கும்.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

டேஷ்போர்டிலிருந்து. சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட இம்மொபிலைசர் விளக்கு சிமிட்டினால் கார் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. இரண்டாவது சாவியால் முயலுங்கள். ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் நின்றுவிடுவதும் பல கார்களில் இதன் அடையாளம்.

அடுத்து ஸ்கேனரை மாட்டி, ஒருவர் செல்ஃப் அடிக்க, ஆர்பிஎம் எண்ணைப் பாருங்கள். 150, 200 என்று ஏதாவது காட்ட வேண்டும். என்ஜின் சுற்றும்போதும் பூஜ்யம் என்றால் என்ஜின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை. என்ஜின் சுற்றுவதே ஈசியுவுக்குத் தெரியாதபோது அது பொறியும் விடாது, பெட்ரோலும் விடாது. இந்த ஒரு எண் பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

ஆர்பிஎம் வருகிறதென்றால் பெட்ரோல். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு நொடி "ங்ங்" என்று பம்ப் சத்தம் கேட்கும். கேட்கவில்லையா, ஃப்யூஸைப் பாருங்கள், பிறகு ரிலே. ஃப்யூஸ் பாக்ஸில் அதே எண் போட்ட இன்னொரு ரிலே, ஹாரனுடையதோ என்னவோ, இருக்கும். இரண்டையும் மாற்றி மாட்டினால் தெரிந்துவிடும்.

பலமுறை செல்ஃப் அடித்து பெட்ரோல் வாடை வந்தால் பிளக் நனைந்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பல கார்களில் அந்த நிலையில் ஈசியு பெட்ரோலை நிறுத்திவிடும், சிலிண்டர் காய்ந்து பற்றிக்கொள்ளும். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம்போல் ஸ்டார்ட் செய்யும்போது பெடலைப் பம்ப் செய்வதால் மட்டும் பயனில்லை.

சூடானதும் நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் ஓடுகிறது. ஏன்?

பெரும்பாலும் கிராங்க் சென்சார். உள்ளே இருக்கும் சுருளோ சர்க்யூட்டோ சூட்டில் விரிந்து துண்டிக்கப்படும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். நின்ற அந்த நிமிடத்திலேயே மேலே சொன்ன ஆர்பிஎம் சோதனையைச் செய்யுங்கள். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். பம்பும் ரிலேயும் இதே விளையாட்டு காட்டுவதுண்டு.

ஒரே நேரத்தில் ஏழெட்டுக் கோடுகள் வந்திருக்கின்றன. எல்லாமே கெட்டுவிட்டதா?

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கோடுகள் கூட்டமாக வந்தால் பேட்டரியும் எர்த்தும்தான் முதல் சந்தேகம். ஈசியுவும் சென்சார்களும் சீரான வோல்டேஜை நம்பி வாழ்கின்றன.

இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. ஓடும்போது 13.5 முதல் 14.7 வரை. ஆல்டர்னேட்டரை ஈசியுவே ஆட்டிவைக்கும் புதிய கார்களில் இது ஏறி இறங்கும், அது பழுதல்ல.

எர்த்தை ஓம் வைத்து அளக்காதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயர்கூட ஓம் மீட்டரில் நல்ல வயராகத் தெரியும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் தலையிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5 தாண்டினால் எர்த் வயரைக் கழற்றி, பச்சை பூத்த இடங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். புதுப் பாகம் ஒன்றுகூட வாங்காமல் கோடுகள் மொத்தமும் காணாமல் போவது இங்கேதான் அதிகம் நடக்கும்.

அதிலும் கிடைக்கவில்லை என்றால் கோடு வந்த சென்சார்களின் பட்டியலை வயரிங் படத்தோடு ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே 5 வோல்ட் சப்ளையில் தொங்கினால் அவற்றில் ஏதோ ஒன்று ஷார்ட் ஆகி மற்றவற்றையும் இழுக்கிறது. ஒவ்வொன்றாகக் கனெக்டரைக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான். எலி கடித்த வயரையும் மறக்க வேண்டாம்.

ஏர் ஃபில்டர் அழுக்கானால் மைலேஜ் குறையுமா?

கார்புரேட்டரில் குறையும். ஈசியு வண்டியில் அநேகமாக இல்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட சோதனையிலும் அடைத்த ஃபில்டரால் எரிபொருள் செலவு குறிப்பிடும்படி கூடவில்லை, பிக்கப்தான் குறைந்தது. காற்று குறைந்தால் ஈசியு பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. இதைச் சொன்னதற்காக ஃபில்டரை மாற்றாமல் விடாதீர்கள். கிழிந்த ஃபில்டர் வழியே போகும் தூசி ஏர் ஃப்ளோ சென்சாரையும் பிஸ்டனையும் அரிக்கும்.

ஏர் ஃப்ளோ சென்சாரையும் த்ராட்டில் பாடியையும் நானே சுத்தம் செய்யலாமா?

செய்யலாம். ஏர் ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் பயன்படுத்தி, தூரத்திலிருந்து அடித்து, தானாகக் காயவிடுங்கள். உள்ளே இருக்கும் கம்பி மிக மெல்லியது. துணி, பிரஷ், விரல் எதுவும் படக்கூடாது.

எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தகட்டைச் சாவி ஆனில் இருக்கும்போது விரலால் தள்ளினால் மோட்டாரின் கியர் பல் உடையலாம், அல்லது தகடு விரலைக் கடிக்கலாம். கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், உள்ளே ஊற்றாதீர்கள். சுத்தம் செய்த பிறகு ஐடில் ஏறி நிற்பது சகஜம். கரி படிந்த தகட்டுக்குப் பழகிப்போன ஈசியு மறுபடி பழக வேண்டும். சில கார்களில் தானாக நடக்கும், சிலவற்றில் மேனுவலில் சொன்ன ஐடில் ரீலேர்ன் முறையைச் செய்ய வேண்டும்.

மேனுவலில் போட்ட கிரேடு தவிர வேறு ஆயில் ஊற்றினால் என்ன ஆகும்?

கேம்ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் திருப்பும் வால்வு டைமிங் அமைப்பு ஆயில் அழுத்தத்தில் இயங்குகிறது. ஆயில் செல்லும் துளைகளும் வலைகளும் மிகச் சிறியவை. 0டபிள்யூ-20 கேட்கும் என்ஜினில் "கெட்டியாக இருந்தால் நல்லது" என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் குளிர்ந்த நிலையில் கேம் சொன்ன நேரத்தில் திரும்பாது, கேம் நேரம் பிசகியதைச் சொல்லும் பி0011 போன்ற கோடுகள் வரலாம். அந்தக் கோடு வந்தால் அந்த ஆயிலைத் திருப்பிவிடும் சோலனாய்டு வாங்கும் முன் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் குறைவோ, தார்போல் கறுத்திருந்தாலோ அங்கிருந்து தொடங்க வேண்டும்.

கம்ப்யூட்டர் எவ்வளவு வந்தாலும் வீட்டுப் பராமரிப்பில் முதல் இடம் ஆயில் மாற்றுவதற்குத்தான். பாட்டிலில் விற்கும் அற்புத மருந்துகளுக்குச் செலவிடும் பணத்தை ஒருமுறை முன்கூட்டியே ஆயில் மாற்றுவதில் போடலாம்.

என்ஜின் சூடே ஏறவில்லை என்கிறது பி0128. சூடாகாதது நல்லதுதானே?

இல்லை. பெரும்பாலும் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தே நின்றிருக்கும். என்ஜின் குளிர்ந்திருப்பதாக நினைத்து ஈசியு கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும், மைலேஜ் போகும். கூலன்ட் அளவு குறைந்தாலும் இதே கோடு வரும் என்பதால் அதை முதலில் பாருங்கள். சூட்டைக் குறைக்கிறேன் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் இந்த என்ஜின்களுக்கு ஆகாது.

காசில்லாத இன்னொரு சோதனை: இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் ஆன் செய்து, கூலன்ட் சூடு, உள்ளே வரும் காற்றின் சூடு இரண்டையும் ஸ்கேனரில் படியுங்கள். இரண்டும் வெளிச்சூட்டை ஒட்டி, சில டிகிரிக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்தச் சென்சார் பொய் சொல்கிறது. கோடு விழாத அளவுக்குச் சின்னப் பொய்யாக இருந்தாலும் இதில் அகப்படும்.

ஸ்பார்க் பிளக் மாற்றும்போது கவனிக்க வேண்டியது?

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் சூடோடு திருப்பினால் மரை உருவிக்கொண்டு வரும். முதல் சில சுற்றுகளைக் கையால் மட்டும் ஏற்றி, கடைசியில் டார்க் ரெஞ்ச். இரிடியம் பிளக்கின் நடு முனை ஊசிபோல் மெல்லியது, நாணயம்போன்ற கேப் கருவியை அதில் திணித்தால் உடையும். சாதாரண நிக்கல் பிளக்கைவிட இரிடியம் பல மடங்கு உழைக்கும், பல கார்களில் 1,00,000 கிலோமீட்டர் வரை.

டீசல் காருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பேட்டரி, எர்த், சென்சார் சோதனைகள் பொருந்தும். ஃப்யூல் ட்ரிம், பிளக் பகுதிகள் பொருந்தாது. டீசலின் தனித் தலைவலி புகை ஃபில்டர். அதில் சேரும் கரியை எரிக்க 600 டிகிரி அளவுக்குச் சூடு தேவை. தினமும் சிறு தூரம் மட்டும் ஓடி, எரிந்துகொண்டிருக்கும்போதே அணைத்தால் ஃபில்டர் அடைக்கும், அதற்காகத் தெளித்த டீசல் என்ஜின் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு *ஏறினால்* சந்தோஷப்படாதீர்கள், ஆயிலை மாற்றுங்கள்.

எதைத் தொடவே கூடாது?

டீசல் காமன் ரெயில் குழாயில் அழுத்தம் 2,000 பாரையும் தாண்டலாம், நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் பெட்ரோல் என்ஜினில் 200 பார் அல்லது மேலே. ஓடும்போது அந்தக் குழாயைத் தளர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரியும், ஆனால் அது உடனடி அறுவைச் சிகிச்சைக்கான அவசரம். ஹைப்ரிட் கார்களின் ஆரஞ்சு நிற கேபிள்கள், ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர்கள் இரண்டுக்கும் பயிற்சி பெற்றவர்கள்தான் வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஓடும் என்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் வித்தையும் வேண்டாம். அந்த நொடியில் எழும் வோல்டேஜ் ஈசியுவையே கொல்லும்.

எப்போது ஒர்க்‌ஷாப்புக்கு விட வேண்டும்? அங்கே என்ன சொல்வது?

கம்ப்ரஷன் குறைந்தது, டைமிங் செயின் சத்தம், ஈசியுவுக்கோ சாவிக்கோ ப்ரோக்ராம் தேவைப்படுவது, மணிக்கணக்கில் தேடியும் பிடிபடாத வயரிங் ஷார்ட் இவை வந்தால் விட்டுவிடுங்கள்.

போகும்போது "செக் என்ஜின் லைட் எரிகிறது, பாருங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எழுதி வைத்த கோடுகள், ஃப்ரீஸ் ஃப்ரேம் எண்கள், ஐடிலிலும் 2,500-லும் எடுத்த ட்ரிம், குளிரிலா சூட்டிலா எப்போது வருகிறது, எந்தப் பாகத்தை எதோடு மாற்றிப் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் கொடுங்கள். கோடை அழிக்காமல் கொண்டுபோங்கள். எந்தப் பாகத்தையாவது மாற்ற வேண்டும் என்றால், எந்தச் சோதனையில் அது தோற்றது என்று கேளுங்கள். பதிலில் ஒரு வோல்ட்டோ, ஓமோ, அழுத்தமோ இருந்தால் சாவியைக் கொடுக்கலாம்.